நாலாம் பள்ளத்துக் கம்பிகள்

ஈந்தவிளை
14 ஜனவரி 2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

உங்கள் அண்ணன் ராஜையனின் மனைவி செல்லபாய் எழுதுகிறேன். சொந்தக் கொழுந்தனுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு கடிதம் தொடங்குவது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஐம்பது வருடத்தில் நாம் இருவரும் பேசிக்கொண்டது எத்தனை வார்த்தை? உங்கள் அம்மா அடக்கத்தின்போது, "எப்ப வந்தீங்க?" என்று நான் கேட்டேன். "காலையில" என்றீர்கள். வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு பஹ்ரைனிலிருந்து வந்திருந்த என் மகள் பெபிஷா எங்கேயோ கேட்டு உங்கள் எண்ணையும் விலாசத்தையும் வாங்கித் தந்தாள். மூன்று தடவை அழைத்தேன். மூன்று தடவையும் "யாரு? யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். காது கேட்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் கடிதம். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவள், எனக்கு இதில் சிரமமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற நவம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் கோவில் பிரதிஷ்டை ஆகி ஐம்பது வருடம் நிறைகிறது. பொன்விழா மலருக்குச் சபை வரலாற்றை எழுதும் வேலையை இப்போதைய போதகர் ஆன்ஸ்லின் ஐயர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். 1911-இல் பனையோலை வேய்ந்த முதல் கோவில், 1938-இல் ஓட்டுக் கோவில், இரண்டையும் பற்றிச் சபைப் பதிவேட்டிலிருந்து எழுதிவிட்டேன். மூன்றாவதுதான் நீங்கள் கட்டியது. அதைப் பற்றிப் பதிவேட்டில் ஒரே வரி: "புதிய ஆலயம், திரு. தேவகுமார் பி.இ. வரைபடப்படி." வரைபடத்தைக் காணவில்லை.

இருபத்தாறு வயதில் அந்த மடிப்புக் கூரை உங்களுக்கு எப்படித் தோன்றியது? கோபுரம் ஏன் வைக்கவில்லை? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்றும் அதை நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி என்றுதான் நினைக்கிறார்கள். அந்தக் குறையைப் பொன்விழாவோடு தீர்த்துவிட வேண்டுமென்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. கூரையின் நடுவில் மணிக்கூண்டு எழுப்பப் போகிறார்கள். குவைத்திலிருக்கும் நம் சபையார் மணி வார்க்கக் கொடுத்துவிட்டார்கள். கூரை தாங்கும் என்று உங்கள் கையால் ஒரு வரி வேண்டும் என்கிறார் செயலாளர் ஜெனோ.

இப்படிக்கு,
செல்லபாய்


பிலாய்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள மைனிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு எழுபத்தேழு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இரும்பு ஆலைக் குடியிருப்பை விட்ட பிறகு இங்கேயே ஒரு வீட்டில் இருக்கிறேன். காதில் கருவி வைத்தால் இரைச்சல்தான் கேட்கிறது. ஆகையால் வைப்பதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

ஓட்டுக் கோவிலில் இரண்டு வரிசைத் தூண்கள் இருந்தன. ஆண்கள் முன்னால் உட்காருவார்கள். பெண்கள் பக்கவாட்டில், தூண்களுக்குப் பின்னால். எங்கள் அம்மாவின் இடம் இடப்பக்கம் மூன்றாம் தூணின் மறைவு. முப்பது வருடம் அங்கே உட்கார்ந்தும் ஆராதனை நேரத்தில் பலிபீடத்தை அவள் பார்த்ததில்லை. "ஐயருக்க கை மட்டும் தெரியும், மக்கா" என்பாள். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, தூணே இல்லாமல் ஒரு கோவில் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தூண் இல்லாமல் நாற்பதடி அகலத்தை மூட வேண்டும். தேக்குக்கு வழியில்லை. ஒரு காகிதத்தை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல வையுங்கள், தொய்ந்து விழும். அதையே விசிறிபோல மடித்து வையுங்கள், நிற்கும். கூரையும் அவ்வளவுதான். ஏழு மடிப்பு, நடுவே ஆறு பள்ளம். கனம் நாலங்குலம். பலம் முழுவதும் பள்ளங்களுக்குள் கிடக்கும் இரும்புக் கம்பிகளில் இருக்கிறது. ஒரு பள்ளத்துக்கு எட்டுக் கம்பி.

ஞானஸ்நானத் தொட்டி வாசலில், பிரசங்க பீடமும் பலிபீடமும் எதிரே. உள்ளே வருகிற யாரும், எங்கே உட்கார்ந்தாலும், மூன்றையும் பார்க்கலாம். பலிபீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஓரடி அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டேன். சிலுவைக்கு வேறு விளக்கு தேவைப்படாது. ஆரல்வாய்மொழிக் காற்று கட்டடத்துக்குள் புகுந்து போக இரு பக்கமும் துளை வைத்த சிமென்ட் ஜாலி.

கோபுரம் வடிவத்தில் இல்லை. இனியும் வேண்டாம். கூரைமேல் எதையும் ஏற்றக் கூடாது என்று கமிட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

தேவகுமார்


ஈந்தவிளை
26 பிப்ரவரி 2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பதினேழு வருடம் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். ஒரு தடவைகூட இதை என்னிடம் சொன்னதில்லை. புதுக் கோவிலில் நடுவில்தான் உட்காருவார்கள், ஓரத்துக்கு வரவே மாட்டார்கள். இப்போதுதான் காரணம் தெரிகிறது. மலரில் இதை அப்படியே சேர்க்கிறேன்.

மற்றதைக் கமிட்டியில் சொன்னேன். யாரும் ஏற்கவில்லை. "எஞ்சினியருக்கு அவரு போட்ட படத்துல ஒருத்தன் கை வச்சா பிடிக்காது, அவ்வளவுதான் டீச்சர்" என்றார் ஜெனோ. எனக்கும் அப்படித்தான் பட்டது. மறைப்பானேன்?

உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. என் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. கோவில் பிரதிஷ்டைக்கு வரவில்லை, நீங்களே கட்டிய கோவில். அத்தையின் அடக்கத்துக்கு வந்து, ஆராதனை முடியும்வரை வெளியே புளியமரத்தடியில் நின்றீர்கள். 2009-இல் உங்கள் சொந்த அண்ணனைப் பெட்டியில் வைத்து உள்ளே கொண்டு போகிறார்கள், கொட்டுகிற மழை, நீங்கள் அப்போதும் வெளியேதான். என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போனீர்கள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? படித்துப் பெரிய ஆள் ஆனதும் அண்ணனை மதிக்கவில்லை என்று. தன் படிப்பை நிறுத்திவிட்டு உங்களைப் படிக்க வைத்த அண்ணன். அவர் உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காவது சொல்லத் தோன்றுகிறது.

ஈஸ்டர் முடிந்ததும் மணிக்கூண்டு வேலை தொடங்கப் போகிறார்கள். வேண்டாமென்றால் காரணம் எழுதுங்கள். "வடிவத்தில் இல்லை" என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

செல்லபாய்


பிலாய்
11 மார்ச் 2024

அன்புள்ள மைனிக்கு,

காரணம் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடமும்.

1974-இல் இரும்புக்கு அரசாங்க பெர்மிட் வேண்டும். ஆறு மாதம் அலைந்து அண்ணன்தான் வாங்கினார். அப்போது அவர் பள்ளியில் வாத்தியார், சபைக்குச் செயலாளர். கம்பி பிப்ரவரியில் வந்து இறங்கியது. நானே எண்ணி அடுக்கினேன். ஆறு பள்ளத்துக்கும் சரியாக இருந்தது.

ஏப்ரலில் சாரமும் பலகையும் தயாராகி, பள்ளங்களில் கம்பி கட்டத் தொடங்கினோம். இரு ஓரத்திலிருந்தும் கட்டிக்கொண்டு கடைசியாக நாலாம் பள்ளத்துக்கு வந்தபோது நான்கு கம்பி குறைந்தது. ஊரெல்லாம் தேடினேன். கடைசியில் அண்ணன் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கண்டேன். பின்கட்டு பீமுக்காக வளைத்து வைத்திருந்தது.

உங்கள் அப்பா, டெரசு வீடு இருந்தால்தான் பெண் தருவேன் என்று சொல்லியிருந்தார். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கல்யாணம் மே 20 என்று குறித்தாகிவிட்டது. வீட்டுக்கென்று அண்ணன் கேட்ட கம்பிக்குப் பெர்மிட் வரவில்லை.

நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஒரு மாசத்துல அடுத்த பெர்மிட் வரும்லே. வந்தா கொண்டு வச்சிருவேன்" என்றார்.

"கூரை அடுத்த வாரம் வார்க்கணும் அண்ணா. வாடகைப் பலகையத் திருப்பிக் கொடுக்கணும், மழை வேற வருது."

"ஒரு பள்ளந்தானலே. நாலு கம்பி கொறஞ்சா இடிஞ்சா விழும்?"

"கோவிலுக்க இரும்ப எடுத்து வீடு கெட்டுகதுக்கு என்ன பேரு? களவு."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று ஏப்ரல் 24. சாயங்கால பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போய் அங்கிருந்து பிலாய்க்கு வந்துவிட்டேன். இங்கே வேலைக்கான உத்தரவு முன்பே வந்திருந்தது. ஐந்தாம் நாள் கூரை வார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் சபையில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அண்ணன் பெயர் போகும், உங்கள் கல்யாணம் நிற்கும். அவர் போட்ட சோற்றில் படித்தவன் நான். வாயை மூடிக்கொண்டு ஓடினேன். அந்தக் கூரையின் கீழே முந்நூறு பேர் பாட்டுப் பாடுவதை நின்று பார்க்க என்னால் முடியாது. நான் மரத்தடியில் நின்றது இதற்காகத்தான். உங்கள் வீட்டுக்குள் வராததும் இதற்காகத்தான்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் தமிழ்ப் பத்திரிகை தேடி வாசிப்பேன். ஒக்கிப் புயலின்போது மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பது வருடம் நின்றுவிட்டது என்பதால் இனியும் நிற்கும் என்று சொல்ல முடியாது. நாலாம் பள்ளம் நடுவில் இருக்கிறது. மணிக்கூண்டு வைப்பதாகச் சொல்வது அதன் மேலேதான்.

இந்தக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்பதை உங்களிடம் விடுகிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

தேவகுமார்


ஈந்தவிளை
22 ஏப்ரல் 2024

கொழுந்தனாருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று வாரம் வேதபுத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் கூரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒருத்தி ஆறுமாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியபோது கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு பக்கம் வாசித்ததுமே ஆன்ஸ்லின் ஐயர் கையை உயர்த்தினார். "டீச்சர், போதும். இத நான் தனியா வாசிச்சுக்கிடுகேன்" என்றார். ஜெனோ, "கிழிச்சுப் போடுங்க டீச்சர். மணிக்கூண்டு வேண்டாம்னு விட்டுருவோம். ராஜையன் சார் பேரு எதுக்குக் கெடணும்?" என்றார். அவர்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் மணிக்கூண்டை மட்டும் விட்டால் போதுமா? ஐம்பது வருடத்துக் கூரை. நான் முழுதும் வாசித்து முடித்தேன். என் அப்பா கேட்ட டெரசு வீட்டைப் பற்றிய வரிகளையும் விடவில்லை.

மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது கோவில் பூட்டியிருக்கிறது. நாலாம் பள்ளத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆராதனை பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. போன ஞாயிறு நான் போய் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. வாசலில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "கோவிலுக்க கம்பியில வீடு வச்சவனுக்க பேரு இன்னும் கல்லுல கெடக்கு." இன்று காலையில் பார்த்தால் பிரதிஷ்டைக் கல்லில் உங்கள் அண்ணன் பெயருக்கு மேல் யாரோ சுண்ணாம்பு பூசியிருந்தார்கள்.

பெபிஷா போனில் அழுதாள். "செத்துப் போன அப்பாவ எதுக்கும்மா?" என்று கேட்டாள். நான்கு நாளாக அழைக்கவில்லை.

இந்த வீட்டில் முன்னறை மட்டும்தான் டெரசு, அந்தக் கம்பி இதில்தான் இருக்க வேண்டும். அதன் கீழேதான் ஐம்பது வருடமாகப் படுக்கிறேன். இப்போது கட்டிலை அடுக்களைக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே ஓட்டுக்கூரை.

உங்கள் மேல் கோபமில்லை. அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைக்கிறேன், வரவில்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். முப்பத்தைந்து வருடம் கேட்டிருக்கலாம், அப்போது எனக்குத் தெரியாது.

செல்லபாய்


பிலாய்
6 மே 2024

அன்புள்ள மைனிக்கு,

நான் எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்று இரண்டு நாளும், எழுதியதே சரி என்று இரண்டு நாளும் நினைத்தேன். இதற்கு முடிவு கிடையாது.

வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள்? அடுக்களையில் படுக்காதீர்கள், பல்லியும் பூரானும் வரும். உங்கள் முன்னறை நிற்கும். இரும்பு யாருடையதாக இருந்தாலும் கூரைக்கு அது தெரியாது.

கோவில் முழுவதையும் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டை உடைக்காமலேயே உள்ளே இருக்கும் கம்பியைக் காட்டும் கருவி இப்போது உண்டு. பொறியியல் கல்லூரிகளில் வைத்திருப்பார்கள். ஆறு பள்ளத்தையும் பார்க்கட்டும். நாலாம் பள்ளத்துக்கு அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். நினைவிலிருந்து படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கோடுகள் நேராக இல்லை. அளவுகள் சரி.

தேவகுமார்


ஈந்தவிளை
26 ஜூலை 2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

ஜூலை 9-ஆம் தேதி ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் கருவியோடு வந்தார்கள். உங்கள் படத்தைப் பார்த்து, "இவர் யாரிடம் படித்தார்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். சாரத்தில் ஏறி ஒவ்வொரு பள்ளமாக ஒரு சின்னப் பெட்டியை நகர்த்திக்கொண்டு போனார்கள். கீழே ஐயரும் ஜெனோவும் நானும் நின்றோம். முதல் பள்ளம் எட்டு. இரண்டு, எட்டு. மூன்று, எட்டு. நாலாவதில் வெகுநேரம் நின்றார்கள். திரும்பவும் முதலிலிருந்து நகர்த்தினார்கள். பிறகு மூத்தவர் கீழே குனிந்து, "இதிலும் எட்டுதான்" என்றார்.

ஜெனோ நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கருவி பொய் சொல்லும் என்றேன். அவர்கள் உளியால் இரண்டடி நீளத்துக்குப் பூச்சையும் கான்கிரீட்டையும் கொத்தித் திறந்தார்கள். என்னை ஏறக்கூடாது என்றார்கள். எழுபத்துமூன்று வயதில் ஏணியில் ஏறினேன் கொழுந்தனாரே, ஜெனோ பின்னால் பிடித்துக்கொண்டார். விரலை வைத்து எண்ணினேன். எட்டு. நான்கு நேராக இருந்தது. நான்கில் வளைத்து நிமிர்த்திய கோணல் தெரிந்தது.

அன்று கம்பி கட்டியவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடினோம். சுடலையாண்டி இருக்கிறார், சுசீந்திரத்தில் மகள் வீட்டில். எண்பதைத் தாண்டிவிட்டது. நானும் ஐயரும் போனோம். நான் யார் என்று சொன்னதுமே, "சாருக்க வீட்டுக்காரியா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். கம்பியைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்த உடனே எழுதி வைத்தேன்.

"அத நானாக்கும் திரும்பக் கொண்டு கெட்டினது. எஞ்சினியரு பஸ்ஸேறிப் போன மறுநாள் காலம்பற சாரு எனக்க வீட்டு முன்ன வந்து நிக்காரு. 'சுடல, வண்டி கெட்டுலே'ன்னாரு. 'எங்க சாரே?'ன்னேன். 'எனக்க வீட்டுக்கு. கம்பிய எடுக்கணும்'னாரு. 'பின்கட்டுக்கு என்ன செய்வியோ, கல்யாணம் வருகே'ன்னேன். 'ஓடு போடுவேன். நீ வா'ன்னாரு. நல்லவேள, கம்பிய முறிக்கல்ல, வளைக்க மட்டுந்தான் செய்திருந்து. ரெண்டு பேருமா நிமித்தினோம். சாருக்க உள்ளங்கையெல்லாம் கீறி ரெத்தம்."

"அவருக்க தம்பிக்கு ஏன் ஒரு காயிதம் போடல்ல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் அம்மா. 'அவன் என்னெ கள்ளன்னு சொல்லீட்டுப் போனான்லே. நான் கள்ளன் இல்லன்னு நானே எழுதணுமா? வந்து பாக்கட்டும்'னாரு. 'நீயும் யாருட்டயும் மிண்டாத, வாயத் தொறக்காத'ன்னாரு. நான் மிண்டல்ல."

கேட்டீர்களா? பின்கட்டுக்கு ஓடு போட்டது அதனால்தான். என் அப்பாவிடம், இரண்டு வருடத்தில் அதையும் வார்த்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். இருபது வருடம் அந்த ஓடு ஒழுகியது. அடுப்பில் தண்ணீர் சொட்டும்போதெல்லாம், "டெரசு வீடுன்னு ஏமாத்திக் கெட்டிட்டு வந்தியோ" என்று அவரைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். விருந்தாளிகள் முன்னால்கூட. அவர் சிரித்துக்கொண்டு பாத்திரம் எடுத்து வைப்பார்.

நான் ஏப்ரலில் அவரைக் கமிட்டி முன்னால் நிறுத்தி வாசித்தேன். உங்கள் எழுத்தை நம்பினேன். கோணலான அந்த நான்கு கம்பியும் இருபது அடி உயரத்தில், என் தலைக்கு மேல், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இருந்திருக்கிறது.

ஐயர் அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சபையில் சொன்னார். கல்லில் சுண்ணாம்பை ஜெனோவே கழுவினார். இப்போது எல்லோரும் என் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை.

செல்லபாய்


பிலாய்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான்கு தாள் எழுதிக் கிழித்தேன்.

ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அண்ணன் எனக்கு எழுதினார். 1974 ஜூனில் ஒரு அஞ்சலட்டை வந்தது. அதில் மூன்று வரி: "கூரை வார்த்தாயிற்று. குறை ஒன்றும் இல்லை. நீ வந்து பார்." நான் அதை எகத்தாளம் என்று நினைத்தேன். நாலு கம்பியைத் திருடியும் கூரை நிற்கிறது பார் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டேன். அவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். அவரால் எழுத முடிந்தது அவ்வளவு. அதை வாசிக்கத் தெரியாமல் போனது எனக்கு.

நானும் அவரும் ஒரே பிடிவாதம். அவர் நான் வரட்டும் என்று இருந்தார். நான் அவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தேன். பயந்துகொண்டும் இருந்தேன். இல்லாத ஒன்றுக்காக ஐம்பது வருடம் பயந்திருக்கிறேன். அதை யாரிடம் திருப்பிக் கேட்பது?

மணிக்கூண்டைப் பற்றி: எட்டுக் கம்பி இருந்தாலும் கூரை அதற்காகக் கணக்கிடப்பட்டதல்ல. பக்கத்தில் தரையிலிருந்து தனியாகக் கட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒரு படம் வைத்திருக்கிறேன். கொத்திய இடத்தை உடனே பூசி மூடுங்கள், உப்புக்காற்றில் கம்பி அரிக்கும்.

பொன்விழாவுக்கு வரமாட்டேன். கோபமில்லை, உடம்பும் ஒருவிதம் தாங்கும். அங்கே வந்தால் எஞ்சினியர் என்று கையைப் பிடிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். அந்தக் கூரையை நிற்க வைத்தவர் அவர். நான் படம் போட்டுவிட்டு ஓடியவன். மலரில் அப்படியே எழுதுங்கள்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். எனக்கு என் அண்ணனை முப்பத்தொரு வயதுவரைதான் தெரியும். அதன் பிறகு அவருடைய முப்பத்தைந்து வருடம் உங்களிடம் இருக்கிறது. என்னிடம் ஒன்றுமில்லை. அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார், கோபம் வந்தால் என்ன செய்வார், தலை எப்போது நரைத்தது, ஏதாவது எழுதுங்கள். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. என்னைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

தேவகுமார்


ஈந்தவிளை
10 நவம்பர் 2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

பொன்விழா முடிந்தது. நாள் முழுக்கத் தூறல். மணியை நீங்கள் அனுப்பிய படத்தின்படி வடக்குப் பக்கம் தரையிலிருந்து எழுப்பிய நான்கு கால்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சத்தம் முட்டம் கடற்கரை வரை கேட்கும் என்று ஜெனோ பெருமையடிக்கிறார், பக்கத்துத் தெருவில் கேட்டால் போதும். மலரைத் தனித்தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடியே எழுதினேன், "ஓடியவன்" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டேன். அது வரலாற்றுக்குத் தேவையில்லை. பெபிஷா பத்து நாள் விடுப்பில் வந்து முந்தாநாள் திரும்பிப் போனாள். கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு ஆகஸ்டிலேயே எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் சோறு தொடமாட்டார். கப்பைக் கிழங்கும் மீனும் இருந்தால் மணி பார்க்க மாட்டார். கோபம் வந்தால் கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் தண்ணீர் இறைத்துத் தென்னைக்கு ஊற்றுவார். எங்கள் வீட்டுத் தென்னைகள் நன்றாகக் காய்த்தன. நாற்பத்திரண்டில் தலை நரைத்தது. ஞானப்பாட்டு எதையும் ராகத்தோடு பாடத் தெரியாது, ஆனால் சத்தமாகப் பாடுவார், பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்.

உங்களைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, கேட்க வேண்டாம். நானாகச் சொல்கிறேன். இதை நான் அவரிடமும் சொல்லவில்லை.

அத்தை இருந்தவரை மாதம் ஒரு கடிதம் போடுவீர்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. நான் டீச்சராக இருந்தும் என்னிடம் தரமாட்டார்கள், மூத்த மகன்தான் வாசிக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பார். பிலாயில் குளிர், வேலை மாற்றம், உங்கள் மனைவிக்குக் காய்ச்சல், எல்லாம் வாசிப்பார். முடிக்கும்போது ஒவ்வொரு மாதமும் ஒரு வரி வரும். "அண்ணனுக்கு இருமல் குறைந்ததா?" என்று ஒரு மாதம். "அண்ணனைப் பனியில் நிற்க வேண்டாம் என்று சொல்லவும்" என்று ஒரு மாதம். அத்தை, "கேட்டியா, ஒன்னெக் கேட்டிருக்கான்" என்பார்கள். அவர், "ஆமா, கேட்டிருக்கான்" என்று கடிதத்தை மடித்து அத்தையின் கையில் கொடுப்பார்.

கல்யாணமான இரண்டாம் வருடம், அவருக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. அந்த மாதக் கடிதத்தில், "அண்ணனுக்குக் கால் ஆறியதா?" என்று வாசித்தார். பிலாயில் இருக்கிறவருக்கு இந்த முள் எப்படித் தெரியும் என்று எனக்கு சந்தேகம் வந்தது. அவர் பள்ளிக்குப் போன பிறகு அத்தையின் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து வாசித்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. அடுத்த மாதமும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. அதன்பிறகு நான் எடுத்துப் பார்க்கவில்லை.

அத்தை இறந்தது 1991-இல். அதுவரை மாதாமாதம் அந்த இல்லாத வரியையும் சேர்த்தே அவர் வாசித்தார். நானும் பக்கத்தில் நின்று, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மைனி,
செல்லபாய்